முதல் பிக் வேறு, மூன்றாம் பிக் வேறு

என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட், அதில் ஒவ்வொரு தேர்வும் ஒரு ‘பிக்’. 2004 முதல் 2016 வரை 13 என்.எச்.எல். டிராஃப்டுகள் நடந்தன. முதல் ஆளாகப் பெயர் வாசிக்கப்பட்ட 13 பேரில் ஏழு பேர் பிற்பாடு ஹார்ட் கோப்பையை, அதாவது தன் அணிக்கு அந்த சீசனில் மிக முக்கியமான ஆட்டக்காரர் என்ற விருதை, வாங்கியிருக்கிறார்கள்: ஓவெச்கின், கிராஸ்பி, பேட்ரிக் கேன், டெய்லர் ஹால், மெக்கின்னன், மெக்டேவிட், ஆஸ்டன் மேத்யூஸ். அதே 13 டிராஃப்டுகளில் இரண்டாவதாகப் போனவர்களில் அந்த விருதைப் பார்த்தவர் எவ்கெனி மால்கின் ஒருவர்தான். மூன்றாவதாகப் போனவர்களிலும் ஒருவர்தான், லியோன் டிரைசைட்ல். இது 2025 வரையான கணக்கு.

13 வருடம் என்பது சின்ன மாதிரிதான். விருதை மட்டும் வைத்து அளந்தால் முதலாவதாகப் போன ஸ்டாம்கோஸ், தவாரெஸ் போன்றவர்கள் சல்லடையில் விழுந்துவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் சரிவின் வடிவம் இதிலேயே தெரிகிறது. முதல் இடத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது பெரிய பள்ளம். அதன்பின் பத்தாவது வரை மெதுவான இறக்கம். இரண்டாம் சுற்றைத் தாண்டினால் கிட்டத்தட்ட சமவெளி. ‘டாப் ஃபைவ் பிக்’ என்று ஐந்தையும் ஒரே கூடையில் போட்டு விலை பேசும் ஜெனரல் மேனேஜர்தான் ஏமாந்து போகிறார்.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். டிராஃப்டில் பணம் பேசாது, வரிசைதான் பேசும். 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 பெயர்கள். உங்கள் முறை வரும்போது ஒருவரின் பெயரைச் சொன்னால், அந்த லீகில் அவரோடு ஒப்பந்தம் போடும் உரிமை உங்களுக்கு மட்டுமே. பிளேஆஃபுக்குப் போகாத 16 அணிகளுக்கு முன்வரிசை, போனவர்களுக்குப் பின்வரிசை, லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப் வென்றவருக்கு முதல் சுற்றின் கடைசி இடம். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓவெச்கினும் மேத்யூஸும் பிறந்தது செப்டம்பர் 17. அந்த இரண்டு நாளால் ஓவெச்கின் 2003-க்குப் பதில் 2004-இலும், மேத்யூஸ் 2015-க்குப் பதில் 2016-இலும் வந்தார்கள். 365 நாளை ஒரு வருடமாகக் கொண்டு லீப் வருட நாட்களையும் எண்ணினால் ஓவெச்கினுக்கு வயது வந்துவிடுகிறது என்று சொல்லி ஃபுளோரிடா அணி 2003-இல் கடைசிச் சுற்றில் அவரை எடுக்கப் பார்த்தது. லீக் மசியவில்லை. முயற்சி என்னவோ ரசிக்கத்தக்கதுதான்.

இப்போது லாட்டரி, அதாவது பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில் முதல் பிக்குகள் யாருக்கு என்று முடிவு செய்யும் குலுக்கல். கடைசி இடத்தில் முடித்தால் முதல் பிக் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1992-93 சீசனில் 84 ஆட்டங்களில் 10 மட்டும் வென்ற ஒட்டாவா, அலெக்ஸாண்டர் டெய்க் என்ற பையனுக்காக வேண்டுமென்றே தோற்றது என்ற பேச்சு எழுந்தது. அதன் பிறகுதான் 1995-இல் லாட்டரி வந்தது. (டெய்க் 616 ஆட்டங்களில் 129 கோல் அடித்து முடித்தார். அவருக்குப் பின் இரண்டாவதாக ஹார்ட்ஃபோர்ட் எடுத்த கிறிஸ் புராங்கர், தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.)

1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஒரு எந்திரத்தில் சுழலும், நான்கு வெளியே வரும். 14-இல் நான்கை எடுக்க 1,001 வழி உண்டு. ஒன்றை நீக்கிவிட்டு மீதி 1,000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். கடைசி அணிக்கு 185 சேர்க்கைகள், அதற்கு மேலே உள்ளவருக்கு 135, அடுத்து 115, 95, இப்படி இறங்கி 15-ஆம், 16-ஆம் அணிகளுக்கு ஐந்தைந்து. 2022 முதல், குலுக்கலில் வென்றாலும் பத்து இடத்துக்கு மேல் ஏற முடியாது. அதனால் 12 முதல் 16 வரை உள்ள அணிகளில் ஏதாவது ஒன்று வென்றால் முதல் பிக் கடைசி அணியிடமே தங்கிவிடும். அந்த 7 சதவீதத்தையும் சேர்த்தால் கடைசி அணியின் வாய்ப்பு 25.5 சதவீதம். குலுக்கல் இரண்டு முறைதான் என்பதால் அந்த அணி மூன்றாவதுக்குக் கீழே போகாது. இரண்டாவது பிக் கிடைக்க 18.8 சதவீதம், மூன்றாவது கிடைக்க 55.7.

கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். 82 ஆட்டம் அடி வாங்கி, டிக்கெட் வாங்கியவர்களின் வசவை எல்லாம் கேட்டு முடித்த அணிக்குக் கிடைப்பது பாதிக்கு மேற்பட்ட தடவை மூன்றாம் பிக். தொடக்கத்தில் சொன்ன சரிவோடு இதைச் சேர்த்துப் படித்தால், வேண்டுமென்றே தோற்பது எவ்வளவு மோசமான வியாபாரம் என்பது புரியும். ஐந்து வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஒரே அணி லாட்டரியால் மேலே ஏறக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. 2015 மார்ச்சில் பஃபலோவின் சொந்த அரங்கில் அரிசோனா ஓவர்டைமில் கோல் அடித்து வென்றபோது பஃபலோ ரசிகர்கள் கைதட்டினார்கள். மெக்டேவிட்டுக்காக இரண்டு அணிகளுக்கும் நடந்த கடைசி இடப் போட்டி அது. கடைசியில் முடித்தது பஃபலோ, வாய்ப்பு 20 சதவீதம். குலுக்கலில் வென்றது மூன்றாம் இடத்திலிருந்த எட்மன்டன், 11.5 சதவீதத்தோடு.

சரி, முதல் பிக் கிடைத்துவிட்டது. அதில் நீங்கள் உண்மையில் வாங்கியது என்ன? ஆட்டக்காரரை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீகில் நீங்கள் வாங்கியது, அவருடைய ஆட்டத்தின் மதிப்புக்கும் அவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் எத்தனை வருடம் நீடிக்கிறது என்பதில்தான் பிக்கின் விலை அடங்கியிருக்கிறது.

18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடும் எவருக்கும் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம்தான், அடிப்படைச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2023-இல் முதலாவதாக வந்த கானர் பெடார்டுக்கு அது வருடம் 9,50,000 டாலர். கோல், அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), விருது என்று ஊக்கத்தொகை மேலே ஏறும். அதனால் சீசன் முடிவில் அணியின் மொத்தச் சம்பளம் உச்சவரம்பைத் தாண்டினால், தாண்டியதை அடுத்த சீசன் கணக்கில் கழித்துவிடுவார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2010-இல் கப் வென்ற சிகாகோ அந்தக் கோடையிலேயே பஃப்ளின், லாட், வெர்ஸ்டீக் மூவரையும் விற்க நேர்ந்ததற்கு, கேனும் டேவ்ஸும் சம்பாதித்த ஊக்கத்தொகை அடுத்த வருடத்துக்கு உருண்டதும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு எண்கள் 10, 40. 18, 19 வயதுக்காரர் ஒரு சீசனில் 10 என்.எச்.எல். ஆட்டம் ஆடாவிட்டால் அவருடைய ஒப்பந்தத்தின் முதல் வருடம் தொடங்கவே இல்லை என்று கணக்கு. அப்படியே ஒரு வருடம் தள்ளிப்போகும். அக்டோபர் மாதத்தில் பையன்களை ஒன்பது ஆட்டம் ஆடவிட்டு ஜூனியர் லீகுக்குத் திருப்பி அனுப்புவது இதனால்தான். 40 வேறு கணக்கு. ஒரு சீசனில் 40 ஆட்டங்களுக்கு அணிப் பட்டியலில் இருந்தால் அது ஒரு முழு சேவை வருடம். ஏழு சேவை வருடம் முடிந்தாலோ, 27 வயதானாலோ அவர் சுதந்திரப் பறவை, எந்த அணிக்கும் போகலாம். 18 வயதில் அவசரப்பட்டு இறக்கிவிட்டால் 25 வயதில், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, கை நழுவிப் போவார். 18 வயதில் அவர் அடிக்கும் 12 கோலுக்காக 26-ஆம் வயதின் 40 கோலை விற்கிறீர்கள். எட்மன்டன் டிரைசைட்லை 2014-15-இல் 37 ஆட்டம் ஆடவிட்டு, இரண்டே கோலோடு அவர் திணறியபோது ஜனவரியில் கெலோனா ஜூனியர் அணிக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் வீணானது, ஆனால் அவருக்கு ஆட்டம் திரும்பி வந்தது. அந்த அணி அந்தப் பத்தாண்டில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

கனடா ஜூனியர் லீகுகளிலிருந்து எடுத்தவர்களுக்கு வெகுகாலமாக இன்னொரு சிக்கல் இருந்தது. 20 வயதுக்கு முன் அவர்களை ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீகுக்கு அனுப்ப முடியாது. என்.எச்.எல்.லில் வைத்திரு, அல்லது ஜூனியருக்கு அனுப்பு, நடுவில் படி கிடையாது. ஜூனியரில் எல்லோரையும் சுலபமாகத் தாண்டும் பையனுக்கு அங்கே கற்க ஒன்றுமில்லை, மேலே வந்தாலோ 30 வயது டிஃபென்ஸ்மேன்கள் சுவரில் வைத்து அழுத்துவார்கள். ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தோ எடுத்தவர்களுக்கு இந்த முட்டுச்சந்து இல்லை. அங்கேயே வளரவிட்டு அழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிக்கின் மதிப்பு கூடுவதும் கசிவதும் பெரும்பாலும் இரண்டாவது ஒப்பந்தத்தில். மெக்கின்னன் 2013-இல் கொலராடோவின் முதல் பிக். முதல் சீசனில் 63 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்ந்த எண்ணிக்கை), அடுத்து 38, பிறகு 52. ‘அவ்வளவுதானா’ என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 2016 கோடையில், கொலராடோ அவரோடு வருடம் 63 லட்சம் டாலருக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. இரண்டே வருடத்தில் அவர் 97 புள்ளி எடுத்தார். 2022-இல் கொலராடோ கப் வென்றபோது உச்சவரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். உலகின் தலைசிறந்த சென்டர்களில் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள்) ஒருவருக்கு அதில் 8 சதவீதம்கூடப் போகவில்லை. மிச்சப்பட்ட பணம்தான் மற்ற வரிசைகளை நிரப்பியது. மேத்யூஸ் கதை நேர் எதிர். முதல் மூன்று வருடத்திலேயே கோல் மழை பொழிந்தவர் என்பதால் டொராண்டோ அவருக்கு 1 கோடியே 16 லட்சத்துச் சொச்சம், அதுவும் ஐந்தே வருடத்துக்கு, கொடுக்க நேர்ந்தது. உச்சவரம்பில் ஏழில் ஒரு பங்கு. இருவரும் முதல் பிக், இருவரும் ஹார்ட் வென்றவர்கள், அணிக்கு மிஞ்சிய லாபம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும். மெதுவாக மலர்ந்தவர் மலிவாகக் கிடைத்தார் என்பதில் அணிக்காரர்களின் சாமர்த்தியம் பாதி, அதிர்ஷ்டம் பாதி.

கசிவின் உச்சம் ஜான் தவாரெஸ். 2009-இல் முதலாவதாக எடுத்த நியூயார்க் ஐலண்டர்ஸ், இரண்டாம் ஒப்பந்தத்தை வருடம் 55 லட்சம் டாலருக்கு ஆறு வருடம் போட்டது. அருமையான விலை. ஆனால் அந்த மலிவான வருடங்களில் சுற்றிலும் அணியைக் கட்டவில்லை. 2018 ஜூலை 1 அன்று அவர் டொராண்டோவுக்குப் போனார். ஐலண்டர்ஸுக்கு ஈடாக ஒரு ஏழாம் சுற்று பிக் கூடக் கிடைக்கவில்லை.

எந்த இடத்தில் ஆடுபவரை எடுப்பது என்பதிலும் விலை மாறுகிறது. சென்டர் முதலில், பிறகு டிஃபென்ஸ்மேன், பிறகு விங்கர் (முன்வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்) என்பது திறமை தேடும் ஸ்கவுட்டுகளின் பொதுவான மனக்கணக்கு. அது சரி என்றே படுகிறது. விங்கராக மாறிய சென்டர்கள் நிறைய உண்டு, திரும்பிப் போனவர்கள் அபூர்வம். டிஃபென்ஸ்மேன்கள் பழுக்க நாளாகும்: 2009-இல் தவாரெஸுக்கு அடுத்து எடுக்கப்பட்ட விக்டர் ஹெட்மன், சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கியது 2018-இல்.

கோல்கீப்பரை முதல் ஐந்தில் எடுப்பது என் பார்வையில் பணத்தைக் கொளுத்துவதற்குச் சமம். லுண்ட்க்விஸ்ட் 205-ஆவதாகப் போனவர், ஷெஸ்டர்கின் 118, ஹெல்லபக் 130, பெக்கா ரின்னே 258. செர்கெய் பொப்ரோவ்ஸ்கியை யாருமே எடுக்கவில்லை. 18 வயதில் வலைக்கு முன் நிற்பவனை வைத்து 25 வயதில் எப்படி இருப்பான் என்று சொல்ல யாராலும் முடிவதில்லை என்பதற்கு இந்த எண்களே சாட்சி. 2000-இல் ஐலண்டர்ஸ் முதல் பிக்கை ரிக் டிபியெட்ரோ என்ற கோல்கீப்பருக்குச் செலவழித்தது. அதற்கு இடம் பண்ண, 1997-இல் நான்காவதாக எடுத்து வைத்திருந்த ராபர்ட்டோ லுவாங்கோவை டிராஃப்ட் நாளிலேயே ஃபுளோரிடாவுக்கு அனுப்பியது. 2006-இல் டிபியெட்ரோவுக்கு 15 வருடம், 6 கோடியே 75 லட்சம் டாலர். காயங்கள் அவரை உருக்கின. 2013-இல் ஒப்பந்தத்தை உடைத்தார்கள், 2029 வரை வருடம் 15 லட்சம் டாலர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லுவாங்கோ ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். மார்க்-ஆந்திரே ஃபுளூரி (2003, முதல் பிக்) விதிவிலக்கு, ஒத்துக்கொள்கிறேன்.

எட்மன்டனைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஒரு அணிக்கு இத்தனை முதல் பிக்குகள் வரிசையாகக் கிடைத்த வாய்ப்பு அபூர்வம். 2010 டெய்லர் ஹால், 2011 ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், 2012 நெயில் யாகுபோவ். மூன்று வருடம், மூன்று முதல் பிக். நடுவே 2014-இல் மூன்றாவதாக டிரைசைட்ல், 2015-இல் மறுபடி முதல் பிக்கோடு மெக்டேவிட். இத்தனைக்கும் 2006-07 முதல் 2015-16 வரை பத்து சீசன் பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

ஏன்? ஹாலும் யாகுபோவும் விங்கர்கள். மெலிந்த உடம்போடு வந்த நியூஜென்ட்-ஹாப்கின்ஸை 18 வயதிலேயே முதன்மை சென்டராக நிறுத்தினார்கள். பின்னால் டிஃபென்ஸ் காலி. ஹால் அங்கே ஆடிய ஆறு சீசனில் குறைந்தது ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள், ஆளுக்கொரு பாடம். யாகுபோவ் லாக்அவுட்டால் (உரிமையாளர்களின் கதவடைப்பு) சுருங்கிய முதல் சீசனில் 48 ஆட்டத்தில் 17 கோல் அடித்தார். அடுத்த சீசனில் 63 ஆட்டத்தில் 11. எதிரணிக்கு ஆள் குறையும் பவர்பிளேயில் ஒரு மூலையிலிருந்து அடிக்கும் ஷாட்டைத் தவிர வேறெதையும் அவருக்குள் வளர்க்கவில்லை. 350 ஆட்டங்களோடு அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தது. 2012 பொதுவாகவே வறண்ட வருடம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் 11-ஆவதாக ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க், 19-ஆவதாக கோல்கீப்பர் வசிலெவ்ஸ்கி கிடைத்தார்கள். முதல் பிக்கின் மதிப்பு எல்லா வருடமும் ஒன்றல்ல. 2015-இன் முதல் பிக்கையும் 2012-இன் முதல் பிக்கையும் ஒரே பெயரால் அழைப்பதே தப்பு.

டிஃபென்ஸ் ஓட்டையை அடைக்க அவர்கள் எடுத்த வழி அதைவிடச் சோகம். 2012-இல் நான்காவதாகப் போன கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்க, 2015-இல் 16, 33 ஆகிய இரண்டு பிக்குகளை ஐலண்டர்ஸுக்குக் கொடுத்தார்கள். ரைன்ஹார்ட் தேறவில்லை. 16-ஐ வைத்து ஐலண்டர்ஸ் எடுத்தது மேத்யூ பார்சல். ஒரு காலத்தில் நான்காவதாக எடுக்கப்பட்டவர் என்ற முத்திரைக்காகக் கொடுத்த விலை அது. டிராஃப்ட் முடிந்து மூன்று வருடம் ஆனபின் அந்த எண்ணுக்கு ஒரு பைசா மதிப்பில்லை. அதற்குள் அவர் என்ன ஆடியிருக்கிறார் என்பதுதான் விலை. 2016 ஜூனில் ஹாலை நியூஜெர்சிக்குக் கொடுத்து ஆடம் லார்சன் என்ற டிஃபென்ஸ்மேனை ஒன்றுக்கு ஒன்றாக வாங்கினார்கள். 2018-இல் ஹால் அங்கே ஹார்ட் கோப்பை வாங்கினார். மெக்டேவிட், டிரைசைட்ல் என்ற இருவர் மட்டும் இல்லாவிட்டால் 2024, 2025 இறுதிப் போட்டிகளை எட்மன்டன் கனவிலும் கண்டிருக்காது. அந்த இரண்டையும் தோற்றது ஃபுளோரிடாவிடம்.

ஃபுளோரிடாவின் வெற்றியில் ஒரு வேடிக்கை. 2024 இறுதிப் போட்டியின் ஏழாம் ஆட்டத்தில் வெற்றி கோல் அடித்தவர் சாம் ரைன்ஹார்ட், 2014-இல் பஃபலோ இரண்டாவதாக எடுத்தவர். 2015-இல் மெக்டேவிட்டுக்கு ஆறுதலாக பஃபலோ எடுத்த ஜாக் ஐக்கல் 2023-இல் வேகஸ் அணியோடு கப் தூக்கினார். பஃபலோ 2018-இலும் 2021-இலும் முதல் பிக்கையே பெற்றது. 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் பிளேஆஃப் இல்லை. பிக்குகள் பொய்க்கவில்லை. பொறுமையும் சுற்றுவட்டமும்தான் இல்லாமல் போயின. 2025 பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் சாம் பென்னட்டும் இதே வகை: 2014-இல் கால்கரி நான்காவதாக எடுத்தவர். டிராஃப்டுக்கு முந்திய உடற்தகுதிச் சோதனையில் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியவில்லை என்று அப்போது ஊரே சிரித்தது.

கொலராடோவைப் பாருங்கள். 2016-17-இல் 48 புள்ளி, லீகிலேயே கடைசி. அன்றைய விதிப்படி குலுக்கல் மூன்று முறை, மூன்றிலும் தோற்று நான்காம் இடத்துக்குச் சரிந்தது. நியூஜெர்சி முதலாவதாக நிகோ ஹீஷரையும், 13-ஆம் இடத்திலிருந்து தாவி வந்த ஃபிலடெல்ஃபியா இரண்டாவதாக நோலன் பேட்ரிக்கையும், டாலஸ் மூன்றாவதாக மீரோ ஹெய்ஸ்கனனையும் எடுத்தன. நான்காவதாக கொலராடோ எடுத்தது கேல் மகார், ஆல்பர்ட்டாவின் இரண்டாம் தர ஜூனியர் லீகில் ஆடிய டிஃபென்ஸ்மேன். அந்த லீகில் எடுத்த புள்ளிகளுக்கு என்ன மதிப்பு என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. அணி அவசரப்படவில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடவிட்டு, 2019 ஏப்ரலில் நேரே பிளேஆஃபில் இறக்கியது. 2022-இல் ஒரே வருடத்தில் நாரிஸ் கோப்பையும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கு. இதை வைத்து ‘நான்காவது பிக் போதும்’ என்று சொல்லிவிடக் கூடாது. 2-லிருந்து 10 வரையிலான பிக்குகளில் எண்ணைவிட ஸ்கவுட்டின் கண்ணுக்கே வேலை அதிகம் என்பதற்குத்தான் இது ஆதாரம். 2015-இல் பாஸ்டன் கையில் 13, 14, 15 என்று தொடர்ந்து மூன்று பிக்குகள் இருந்தன. 16, 17, 18-ஆவதாகப் போனவர்கள் பார்சல், கைல் கானர், தாமஸ் ஷாபோ. பாஸ்டனின் மூவரில் டெப்ரஸ்க் மட்டும் தேறினார்.

பிக்கை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சில வார்த்தை. முதல் பிக் டிராஃப்டுக்கு முன் கைமாறியது கடைசியாக 2003-இல்: பிட்ஸ்பர்க் மூன்றாவது பிக், ஒரு இரண்டாம் சுற்று பிக், மிக்கேல் சாமுவெல்சன் ஆகியவற்றைக் கொடுத்து, ஃபுளோரிடாவிடமிருந்து முதல் பிக்கையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் வாங்கியது. இன்று அந்த விலையைக் கேட்டால் எந்த ஜெனரல் மேனேஜரும் போனை வைத்துவிடுவார். கைமாறுவது பெரும்பாலும் ‘வரப்போகும் வருடத்தின் முதல் சுற்று பிக்’. ஆபத்தும் அங்கேதான். விற்கும்போது ‘நாம் நன்றாக ஆடுவோம், 20-ஆவது இடம்தானே போகும்’ என்று நினைப்பார்கள். 2009-இல் டொராண்டோ ஃபில் கெஸலுக்காக இரண்டு முதல் சுற்று பிக்குகளும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் கொடுத்தது. அவற்றில் ஒன்று 2010-இன் இரண்டாவது பிக்காக, டைலர் செகினாக, பாஸ்டனுக்குப் போனது. மற்றொன்று 2011-இன் ஒன்பதாவது, டகி ஹாமில்டன்.

அதனால்தான் ‘முதல் பத்துக்குள் வந்தால் இந்த வருடம் தரமாட்டோம், அடுத்த வருடத்துடையதைத் தருவோம்’ என்ற பாதுகாப்பு நிபந்தனையை எழுதுகிறார்கள். அதுவும் இருபக்கமும் வெட்டும். மேட் டூஷேனை வாங்க ஒட்டாவா 2017-இல் கொலராடோவுக்கு இப்படி ஒரு பிக் கொடுத்தது. 2018-இல் பிக் நான்காவதாக வந்தது. ஒட்டாவா அதை வைத்துக்கொண்டு பிரேடி டக்கச்சுக்கை எடுத்தது. அடுத்த சீசனில் ஒட்டாவா லீகிலேயே கடைசி. குலுக்கலில் தோற்று நான்காவதாகச் சரிந்த அந்த பிக் கொலராடோவுக்குப் போனது. முதலாவதாக விழுந்திருந்தால் ஜாக் ஹியூஸ் போயிருப்பார். நிபந்தனை எழுதும்போது ஒரு வருடத்துக்கு மட்டும் பாதுகாப்பு வைத்தால் ஆபத்தைத் தள்ளிப்போடுகிறீர்கள், அவ்வளவே. இரண்டாம் வருடத்துக்கும் ‘முதல் மூன்றுக்குள் வந்தால் தரமாட்டோம்’ என்று ஒரு வரி சேர்க்க முடியாதென்றால் அந்தப் பேரத்தை விட்டுவிடுவது நல்லது.

உயர்ந்த பிக்கே இல்லாமல் கப் வெல்ல முடியாதா என்றால், டெட்ராய்டின் 2008 அணியைச் சொல்வார்கள்: லிட்ஸ்ட்ரோம் 53-ஆவது, டாட்சுக் 171, ஸெட்டர்பெர்க் 210, ஹோம்ஸ்ட்ரோம் 257. ஐரோப்பாவில் மற்றவர்கள் சரியாகத் தேடாத காலத்து அறுவடை அது. இன்று சைபீரியாவின் ஜூனியர் ஆட்டத்துக்கும் வீடியோ இருக்கிறது, அந்த வயல் எல்லோருக்கும் பொது. டம்பா பே 2020, 2021 கப்புகளைக் குச்செரோவ் (58), பாயின்ட் (79), பலாட் (208) போன்றவர்களால் வென்றது உண்மை. ஆனால் அடித்தளத்தில் முதல் பிக் ஸ்டாம்கோஸும் இரண்டாவது பிக் ஹெட்மனும் இருந்தார்கள்.

அதே டெட்ராய்ட் 2016-17 முதல் 2024-25 வரை ஒன்பது சீசன் பிளேஆஃபுக்குப் போகவில்லை. அந்தக் காலத்தில் கிடைத்த பிக்குகள் 9, 6, 6, 4, 6, 8, 9 என்று போகின்றன. 2019-20-இல் 71 ஆட்டத்தில் 39 புள்ளியோடு மிகமிகக் கடைசியில் முடித்தபோதும் குலுக்கலில் நான்காவதுக்குச் சரிந்தது. சைடர், ரேமண்ட் என்று நல்ல ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள், மெக்டேவிட் கிடைக்கவில்லை. மறுபக்கம், 2024-25-இல் 35 வெற்றி, 35 தோல்வி, 12 ஓவர்டைம் தோல்வி என்று நடுவாந்தரமாக முடித்த ஐலண்டர்ஸ், 3.5 சதவீத வாய்ப்பை வைத்து முதல் பிக்கை வென்றது. காறை எலும்பு முறிந்து அந்த சீசனில் ஈரி ஜூனியர் அணிக்காக 17 ஆட்டம் மட்டுமே ஆடியிருந்த மேத்யூ ஷேஃபர் என்ற டிஃபென்ஸ்மேனைத் தயங்காமல் முதலாவதாக எடுத்தது. அந்த சீசன் முழுக்கத் தோற்று கடைசியில் முடித்த சான் ஹொசேவுக்குக் கிடைத்தது இரண்டாவது பிக்.